லிங்க்ட்இன் தளத்தில் சொல்லி வைப்பது எப்படி

நம் ஊரில் ஒருவர் வேலை தேடுகிறார் என்று தெரிந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "யாரிடமாவது சொல்லி வைத்திருக்கிறாயா?" என்பதைத்தான். விண்ணப்பம் போட்டாயா என்ற கேள்வி அதற்குப் பிறகே வரும். ஆள் தேவைப்படும் இடத்துக்கும் வேலை தேடுகிறவருக்கும் நடுவில், இருவரையும் ஓரளவு அறிந்த மூன்றாமவர் ஒருவர் இருந்தால்தான் காரியம் நகரும் என்பதை வாழ்ந்து பார்த்து அறிந்தவர்கள் அவர்கள். 2003 மே மாதம் தொடங்கப்பட்டு, 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கிய லிங்க்ட்இன் தளம், அந்த மூன்றாமவரைக் கண்டுபிடிக்கவும் அவருடைய நினைவில் இருக்கவும் உதவும் ஓர் ஏற்பாடு. அதை வெறும் விண்ணப்பப் பெட்டியாக எண்ணி, தினமும் நாற்பது இடங்களுக்கு ஒரே பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறவர்கள்தான், ஆறு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் சோர்ந்துபோகிறார்கள்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதித் துறையில் மெர்ச்சன்டைசிங் பிரிவுக்கு, அதாவது துணி வாங்கும் நிறுவனமான பையரின் ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்புவது வரை பின்தொடரும் பிரிவுக்கு, ஆள் எடுக்கும் பொறுப்பை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எங்களிடம் ஒரு மெர்ச்சன்டைசர் இடம் காலியானால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த இரண்டு மூன்று பேரைத் தொலைபேசியில் கேட்பேன். பிறகு லிங்க்ட்இன்-இல் பதவிப் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுவேன். வருகிற பெயர்களில் ஒன்று பொருத்தமாகத் தெரிந்தால், அந்தப் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் யார் என்பதைத்தான். அவரை அழைத்து, "இவர் எப்படிங்க?" என்று கேட்பேன். அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பல நேரங்களில் பத்துப் பக்க விண்ணப்பத்தைவிடக் கனமானது. என் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் இந்தத் துறையிலிருந்தே வரும். வாசிப்பவர் கணக்காளராகவோ மென்பொருள் பொறியாளராகவோ இருந்தால் தம் தொழிலின் சொற்களை அந்த இடங்களில் பொருத்திக்கொள்ளலாம்.

யார் வழியாக வேலை வருகிறது

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடிச் சந்திப்பீர்கள் என்று கேட்டு, விடைகளை 1973-இல் வெளியிட்டார். அடிக்கடிச் சந்திப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது சந்திப்பவர் என்றவர்கள் 55.6 விழுக்காடு, மிக அரிதாகச் சந்திப்பவர் என்றவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும், சற்றுத் தள்ளி இருப்பவரோ நாம் போகாத இடங்களில் புழங்குகிறவர் என்பதே அவர் தந்த விளக்கம். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானபோது இந்தக் கருத்து கொஞ்சம் திருத்தம் பெற்றது. முற்றிலும் அன்னியமான இணைப்புகளால் அதிகப் பயன் இல்லை. ஓரளவு தெரிந்த, நடுத்தூரத்தில் இருக்கும் மனிதர்கள் வழியாகவே வேலை மாற்றம் மிகுதியாக நடந்திருந்தது.

நடுத்தூரத்து மனிதர் என்றால் யார்? முன்பு வேலை செய்த நிறுவனத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்தவர், கல்லூரியில் இரண்டு ஆண்டு மூத்தவர், சாயப்பட்டறையின் மேலாளர், பையர் சார்பில் இயங்கும் பையிங் ஆஃபீஸிலிருந்து ஆய்வுக்கு வரும் கியூ.ஏ. (தரச் சோதகர்), நூல் விற்பனைப் பிரதிநிதி. இவர்களுக்கு நம் முகம் தெரியும், ஆனால் நாம் இப்போது என்ன செய்கிறோம் என்பது தெளிவாகத் தெரியாது. லிங்க்ட்இன் பக்கத்தை எழுதும்போது மனத்தில் வைக்க வேண்டிய வாசகர் இவர்தான். என் பக்கத்தை அரை நிமிடம் பார்த்தபின், இவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? அந்த வாக்கியத்தை அவருடைய வாயில் எடுத்துக் கொடுப்பதற்காகவே தலைப்பு வரியிலிருந்து பதிவுகள் வரை எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

தலைப்பு வரி

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. தேடல் முடிவுகளிலும், இணைப்பு அழைப்பிலும், யாருடைய பதிவிலாவது நாம் கருத்து எழுதும்போதும், படத்தோடும் பெயரோடும் சேர்ந்து இந்த வரியின் முற்பகுதி மட்டுமே கண்ணில் படும். ஆகவே பக்கம் முழுவதையும் திருத்த நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியையாவது திருத்திவிட வேண்டும்.

என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தங்கையின் வரி இப்படி இருந்தது: "ஹார்டு வொர்க்கர், டீம் பிளேயர், சீக்கிங் நியூ ஆப்பர்ச்சூனிட்டீஸ்." அந்தப் பெண் ஐந்து ஆண்டுகளாகக் குழந்தைகள் ஆடை ஆர்டர்களைக் கையாள்கிறவர். ஆனால் வரியைப் படிப்பவருக்கு அவர் வங்கியில் இருக்கிறாரா, மருத்துவமனையில் இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. இருவரும் உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம்: "மெர்ச்சன்டைசர், குழந்தைகள் பின்னலாடை, லேப் டிப் முதல் ஷிப்மென்ட் வரை, ஐரோப்பிய பையர்கள், ஜி.ஓ.டி.எஸ். ஆர்கானிக் பருத்தி." உண்மையில் இது ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது, பொருள் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன். லேப் டிப் என்பது சாயப்பட்டறை பையரின் ஒப்புதலுக்குத் தரும் நிற மாதிரித் துண்டு; ஜி.ஓ.டி.எஸ். என்பது ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச்சான்று. இப்போது அவரை அறிந்த ஒருவர், "குழந்தைகள் ஆடையில் ஆர்கானிக் ஆர்டர் பார்க்கிற ஒரு மெர்ச்சன்டைசர் இருக்கிறார்" என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு "எக்ஸிகியூட்டிவ், ஆபரேஷன்ஸ்" என்பதுபோல் வெளியில் யாரும் தேடாத பதவிப் பெயர்களை வைத்திருக்கும். அனுபவப் பகுதியில் நியமனக் கடிதத்தில் உள்ள பெயரையே எழுத வேண்டும்; அதை மாற்றினால் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல் வரும். தலைப்பு வரியிலோ சந்தையில் வழங்கும் சொல்லைத் தாராளமாக வைக்கலாம், ஏனென்றால் ஆள் தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தட்டச்சு செய்வார். ஊர்ப் பெயரும் இப்படித்தான். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒற்றைப் 'பி' போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், இரட்டைப் 'பி' போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தளம் தரும் பட்டியலிலிருந்து இருப்பிடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அறிமுகப் பகுதியில் மற்ற வடிவமும் ஓர் இடத்தில் இயல்பாக வரும்படி எழுதிவிட்டால் இரண்டு வகைத் தேடலுக்கும் பக்கம் அகப்படும்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், திருமணப் புகைப்படத்திலிருந்து வெட்டியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்தின் இணைய முகவரியில் பெயருக்குப் பின்னால் தளம் தானாகச் சேர்க்கும் எண்களை நீக்கிவிட்டால், விண்ணப்பத்தில் அச்சிடச் சுருக்கமாக இருக்கும்.

அறிமுகமும் அனுபவமும்

அறிமுகப் பகுதிக்கு 2,600 எழுத்துகள் உண்டு என்றாலும், "மேலும்" என்பதை அழுத்தாதவருக்கு முதல் சில வரிகளே தெரியும். சிறு வயதுக் கனவிலிருந்து தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும். அந்தத் தங்கையின் அறிமுகம் இப்போது இப்படித் தொடங்குகிறது: "ஐந்து ஆண்டுகளாகக் குழந்தைகள் பின்னலாடை ஆர்டர்களைப் பார்க்கிறேன். ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஸ்டைல் வரை என் பொறுப்பில் இருக்கும். நூல் புக்கிங், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என ஜாப் வொர்க்குக்கு வெளியே போகும் ஒவ்வொரு கட்டத்தையும் அட்டவணைப்படி நானே பின்தொடர்கிறேன்." இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தத் தொழில் தெரிந்தவர் படித்தால், இவர் கையில் ஓர் ஆர்டரை நம்பிக் கொடுக்கலாம் என்று உடனே தோன்றும். கடைசி வரியில், எந்த வகை வேலையை, எந்த ஊர்களில் எதிர்பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடலாம்.

அனுபவப் பகுதியில் பலர் நியமன விளம்பரத்தில் இருந்த கடமைப் பட்டியலை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். "பையர்களுடன் தொடர்பு கொள்ளுதல், சாம்பிள் அனுப்புதல், உற்பத்தியைப் பின்தொடர்தல்" என்பது மெர்ச்சன்டைசர் என்ற பதவியை விவரிக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரை விவரிக்கவில்லை. நாம் இருந்ததால் அங்கே எது மாறியது என்பதை எழுத வேண்டும். "லேப் டிப் அனுப்பும் ஒவ்வொரு முறையும், பையர் எந்த ஒளியில் பார்க்கப்போகிறார் என்ற குறிப்பைச் சாயப்பட்டறைக்கு எழுத்தில் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன், அதன்பின் நிறம் திரும்பி வருவது குறைந்தது" என்று எழுதினால், நேர்காணலில் பேசுவதற்கு ஒரு விஷயமும் கிடைக்கிறது. எண்கள் தரலாம், தர வேண்டும், ஆனால் எதிரில் இருப்பவர் "அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டால் கூசாமல் விளக்கக்கூடிய எண்ணாக இருக்க வேண்டும். விளக்க முடியாத எண்ணைவிட எண்ணே இல்லாத நேர்மையான வாக்கியம் மேலானது.

கல்லூரி முடித்துப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். ஆறு வார இன்டர்ன்ஷிப்பில் ஒரு ஃபேக்டரியின் கட்டிங் பிரிவில் நின்று துணி வீணாவதை எண்ணிப் பார்த்திருந்தால் அதுவே அனுபவம்தான். எந்த இயந்திரத்தைப் பார்த்தோம், எதைக் குறித்தோம், மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பை என்ன செய்தார் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

திறன்கள் என்ற பகுதியில் நண்பர்கள் ஒரு சொடுக்கில் தரும் ஒப்புதல்களுக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. என்றாலும் தேடலில் பொருந்துவதற்கு அந்தச் சொற்கள் உதவுகின்றன என்பதால் தொழில்சார் திறன்களை மேலே வைத்து, "லீடர்ஷிப்", "கம்யூனிகேஷன்" போன்றவற்றைக் கீழே தள்ளிவிடலாம். உண்மையான எடை உள்ளது பரிந்துரைக் குறிப்பு. ஒருவர் தம் பெயரும் பதவியும் தெரிய, நம்மைப் பற்றித் தம் சொந்தச் சொற்களில் எழுதித் தருவது அது. மேலாளரிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்பதில்லை. சாயப்பட்டறை மேலாளர் ஒருவர் எழுதித் தரும் நான்கு வரி எனக்கு அதைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் நெருக்கடி வரும்போது இந்த மெர்ச்சன்டைசர் எப்படி நடந்துகொள்வார் என்பது அவருக்குத்தான் தெரியும். கேட்கும்போது பொதுவாகக் கேட்கக் கூடாது. "அண்ணா, போன சீசனில் அந்த நேவி புளூ ஷேடு மூன்று முறை திரும்பி வந்தபோது நாம் சேர்ந்து சரி செய்தோமே, அதைப் பற்றி லிங்க்ட்இன்-இல் நான்கு வரி எழுதித் தர முடியுங்களா?" என்று கேட்டால், என்ன எழுதுவது என்று அவர் தடுமாற மாட்டார்.

பக்கத்தை இப்படிப் பெரிதாகத் திருத்தத் தொடங்கும் முன், மாற்றங்களை இணைப்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பதவிப் பெயரில் ஒரு சிறு திருத்தம் செய்ததற்கு, புதிய வேலை கிடைத்துவிட்டதாக எண்ணி ஊரே வாழ்த்து அனுப்பும். அந்த வாழ்த்து இப்போதைய மேலாளரின் கண்ணிலும் படும்.

யாரை இணைப்பது, என்ன எழுதுவது

ஒருவருக்கு 30,000 இணைப்புகள் வரை இருக்கலாம் என்று தளம் அனுமதிக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது முந்நூறு பேர், உண்மையில் நம்மை அறிந்தவர்களாக இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஏனென்றால் அந்த முந்நூறு பேரை அறிந்தவர்கள் நமக்கு இரண்டாம் நிலை இணைப்பாக வந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தவரின் பக்கத்தில் பொதுவாகத் தெரிந்தவர் என்று ஒரு பெயர் வரும்போது, அந்த மனிதரை அழைத்துக் கேட்டால் "யார் என்றே எனக்கு நினைவில்லையே" என்கிறார். அது நல்ல பெயரைத் தராது.

தொடங்குவதற்கு மிகச் சிறந்த இடம் கல்லூரியின் பக்கம். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கட்டும், நீங்கள் படித்த சிறிய கல்லூரியாக இருக்கட்டும், அதன் லிங்க்ட்இன் பக்கத்தில் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கும். அவர்கள் எந்த ஊரில் வாழ்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள், எந்தத் துறையில் வேலை செய்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று அங்கே சலித்துப் பார்க்கலாம். நீங்கள் போக விரும்பும் நிறுவனத்தின் பெயரை அழுத்தினால், உங்கள் கல்லூரியிலிருந்து அங்கே போனவர்களின் வரிசை வந்து நிற்கும். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் வசதிகளில் இதற்கு இணையானது வேறு இல்லை.

அழைப்போடு ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்கு மட்டுமே குறிப்பு சேர்க்க முடியும். ஆகையால் அவற்றை நன்கு தெரிந்தவர்களுக்குச் செலவிடாமல், ஏன் அழைக்கிறோம் என்று விளக்க வேண்டியவர்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இடமும் ஏறத்தாழ இருநூறு எழுத்துகள்தான். தமிழில் எழுதினால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது இன்னும் சுருங்கும். "வணக்கம் அக்கா. நம் கல்லூரியில் 2021-இல் படித்து முடித்தேன். திருப்பூரில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். உங்கள் துணிச் சோதனைப் பதிவுகளைப் படிக்கிறேன்." இவ்வளவு போதும். ஒரே கல்லூரி மூத்தவர் என்றால் அண்ணா, அக்கா என்று விளிப்பதில் தவறில்லை. வெளியூர் நிறுவனத்தின் மேலாளர் என்றால் பெயரோடு சார், மேடம் என்று எழுதுவதே முறை. பெண்களுக்குச் செய்தி அனுப்பும் ஆண்கள், தொழிலுக்கு வெளியே ஒரு சொல்லும் எழுதாமல் இருப்பது கட்டாயம். அப்படி எல்லை மீறி வரும் செய்திகளைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை; தடுக்கவும் புகார் செய்யவும் அந்தச் செய்தியிலேயே வசதி உண்டு.

அழைப்பை ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடமே "எனி வேகன்சி சார்? ப்ளீஸ் ஹெல்ப்" என்று எழுதுவதுதான் நான் தினமும் காணும் தவறு. உதவி செய்ய மனம் இருந்தாலும் அந்தச் செய்தியை வைத்து என்ன செய்வது என்று பெறுபவருக்குத் தெரியாது. முதலில், இரண்டு நிமிடத்தில் விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "உங்கள் நிறுவனத்தில் உள்நாட்டு பிராண்டுகளுக்கும் ஏற்றுமதிக்கும் மெர்ச்சன்டைசர்கள் தனித்தனியாக இருக்கிறார்களா, ஒருவரே இரண்டையும் பார்க்கிறாரா?" இப்படிக் கேட்கிறவர் தொழிலை யோசிக்கிறவர் என்பது தெரியும், விடையும் நமக்குப் பயன்படும்.

பிறகு உண்மையில் ஒரு காலியிடம் வந்து ரெஃபரல், அதாவது நிறுவனத்துக்குள்ளிருந்து ஒரு பரிந்துரை, கேட்க வேண்டிய நாளில், அவருக்கு வேலை வைக்காமல் கேட்க வேண்டும். காலியிடத்தின் சுட்டி, நம் விண்ணப்பம், அத்துடன் அவர் அப்படியே ஹெச்.ஆருக்கு அனுப்பக்கூடிய மூன்று வரி, இவை மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். அந்த மூன்று வரியை மூன்றாமவர் பேசுவதாகவே எழுதித் தரலாம்: "இவர் என் கல்லூரி ஜூனியர். ஐந்து ஆண்டுகளாகக் குழந்தைகள் பின்னலாடை ஏற்றுமதி பார்க்கிறார். நோட்டீஸ் பீரியட் 30 நாள், கோவைக்கு வரத் தயார்." பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மூன்றாவது செய்தி உறவைக் கெடுக்கும்.

பதிவு எழுதுவது

எல்லோரும் தினமும் பதிவு எழுதியாக வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது தேவையில்லை. மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, அதுவும் கையில் நடந்த வேலையைப் பற்றி எழுதினால் போதும். காலை வணக்கப் படங்களும், தலைமைப் பண்பு பற்றிய பொது அறிவுரைகளும், யாரோ எழுதியதை நகலெடுத்து ஒட்டுவதும் நம்மைப் பற்றி யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை.

நல்ல பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு அந்த நேவி புளூ கதையையே எடுத்துக்கொள்கிறேன். சாயப்பட்டறையில் பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 ஒளியில் வைத்துப் பார்த்தபோது லேப் டிப்பின் நிறம் பையர் தந்த துணித்துண்டோடு அச்சாகப் பொருந்தியது. பையர் அதைக் கடை விளக்கைப் போன்ற டிஎல்84 ஒளியில் பார்த்து, சற்றுச் சிவப்பேறித் தெரிகிறது என்று நிராகரித்தார். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் இன்னொரு விளக்கில் வேறுபடுவதை மெட்டாமெரிசம் என்பார்கள். சாயக் கலவையின் சேர்மானத்தை மாற்றி, இரண்டு ஒளியிலும் பார்த்தபின் அனுப்பியபோது ஒப்புதல் வந்தது. இவ்வளவையும் அந்தத் தங்கை நூற்றைம்பது சொல்லில் எழுதினார். நிறத்தைப் பல விளக்குகளில் வைத்துப் பார்க்கும் லைட் பாக்ஸின் படம் ஒன்றை மட்டும் சேர்த்தார். அதன்கீழே இரண்டு சாயப்பட்டறை மேலாளர்களும், பெங்களூரில் ஒரு பையிங் ஆஃபீஸில் இருக்கும் கியூ.ஏ. ஒருவரும் தம் அனுபவத்தை எழுதினார்கள். மொத்தத்தில் மிகச் சிலரே பார்த்த பதிவு அது. ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தூரத்து மனிதர்கள். அவர் எப்படி யோசிக்கிறார் என்பது அவர்களுக்கு அன்று தெரிந்துவிட்டது.

படத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். லைட் பாக்ஸைக் காட்டலாம். பையரின் சாம்பிளைக் காட்டக் கூடாது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், இளைஞர் ஒருவர் தாம் முடித்த ஸ்டைலைப் பெருமையோடு படமெடுத்துப் போட்டார். அது கடைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. பையர் தரப்பிலிருந்து அன்று மாலையே கேள்வி வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, அந்த இளைஞருக்கும் பெரிய மன உளைச்சல். அவருக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை, யாரும் முன்னதாகச் சொல்லித் தரவில்லை என்பதே உண்மை. வெளிவராத வடிவமைப்பு, விலை, ஆர்டர் எண்ணிக்கை, ஒப்பந்தப்படி வெளியிடக் கூடாத பையரின் பெயர், இவை எதுவும் பதிவில் வரக் கூடாது. முன்னாள் நிறுவனத்தைப் பற்றிய மனக்குறையும் அப்படியே.

பதிவு எழுதத் தயக்கம் இருந்தால், மற்றவர்களின் பதிவுகளில் கருத்து எழுதுவதிலிருந்து தொடங்கலாம். "சூப்பர் சார்" என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர் சொன்னதற்கு நம் அனுபவத்திலிருந்து ஒரு தகவலைக் கூட்டுவதோ, ஓர் உண்மையான ஐயத்தைக் கேட்பதோதான் கருத்து. மூன்று மாதம் இப்படித் தொடர்ந்து எழுதினால், இணைப்பு அழைப்பு அனுப்பும் நாளில் நம் பெயர் அவருக்குப் புதிதாக இருக்காது.

வேலை தேடுவதை யாருக்குத் தெரிவிப்பது

"ஓபன் டு வொர்க்" என்ற அமைப்பில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும்படி எல்லோருக்கும் அறிவிப்பது. மற்றொன்று, ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைப்பது. வேலையில் இல்லாதவர்களும் புதிதாகப் படித்து வந்தவர்களும் முதல் வழியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் சொந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்கத் தளம் முயற்சி செய்யும் என்பதே ஏற்பாடு, முழு உத்தரவாதம் இல்லை. திருப்பூர் போல முதலாளிகள் ஒருவரையொருவர் அறிந்த, ஒரே குடும்பத்தின் கீழ் பல நிறுவனங்கள் இயங்கும் ஊரில் இதை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். இதே பகுதியில் விரும்பும் பதவிகளையும் ஊர்களையும் குறிப்பிடலாம். திருப்பூரில் இருந்துகொண்டு பெங்களூருக்கோ சென்னைக்கோ போகத் தயாராக இருப்பவர் அந்த ஊர்களைச் சேர்க்காவிட்டால், ஊரை வைத்துச் சலிக்கும் ரெக்ரூட்டரின் பட்டியலில் வரமாட்டார்.

நாம் ஒருவரின் பக்கத்தைப் பார்த்தால் அவருக்கு அது தெரியும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அமைப்பில் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் இலவசக் கணக்கில் அப்படி மறைத்தால், நம் பக்கத்தைப் பார்த்தவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியாது. நேர்காணலுக்கு முன் நம்மை நேர்காண்பவரின் பக்கத்தைப் பார்ப்பது தவறான செயல் அல்ல, அதை மறைக்கவும் தேவையில்லை. பணம் கட்டும் பிரீமியம் கணக்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தலைப்பு வரியும் அறிமுகமும் சரியாக இல்லாதவருக்கு அது உதவாது. அவற்றைச் சரி செய்தபின், தீவிரமாகத் தேடும் ஓரிரு மாதங்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

போலி அழைப்புகள்

வேலை தேடுகிறவரின் அவசரத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இந்தத் தளத்திலும் இருக்கிறார்கள். ஜோர்டான், எத்தியோப்பியா, பங்களாதேஷ் என வெளிநாட்டு ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நம் ஆட்கள் உண்மையாகவே போய் வேலை செய்வதால், அந்தப் பெயர்களைச் சொல்லி வரும் பொய் அழைப்பும் நம்பத்தக்கதாகத் தோன்றும். அழைத்தவரின் பக்கத்தில், அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டதா என்ற விவரங்களைப் பார்க்க முடியும். போன மாதம் தொடங்கிய கணக்கு, நிறுவனத்தின் பெயரில் அல்லாத மின்னஞ்சல், உடனே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வது, நேர்காணல் இல்லாமலே நியமனக் கடிதம், பதிவுக் கட்டணம் அல்லது பயிற்சிக் கட்டணம் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் கடவுச்சீட்டின் நகலையே அனுப்ப வேண்டும். 2022-இல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, மீட்கப்பட்டுத் திரும்பினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பணத்தை இழந்துவிட்டால், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் அந்த மணியிலேயே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருப்பது தொடக்கத்தில்தான்.

நேரம்

இதற்கெல்லாம் நாள் முழுவதும் திரையில் இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதுமானது: ஒரு நாள் புதிய காலியிட அறிவிப்புகளைப் பார்த்து இரண்டுக்கு மட்டும் கவனமாக விண்ணப்பிப்பது, ஒரு நாள் இரண்டு பேருக்குச் செய்தி எழுதுவது, ஒரு நாள் மற்றவர்களின் பதிவுகளில் கருத்து எழுதுவது. யாருக்கு எப்போது எழுதினோம், என்ன பதில் வந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. எண்பது பேருக்குப் பிறகு நினைவு கைகொடுக்காது.

வேலை கிடைத்தபின் செய்ய வேண்டியவை சில உண்டு. "ஓபன் டு வொர்க்" அமைப்பை அணைத்துவிட்டு, புதிய பதவியைச் சேர்ந்த நாளிலிருந்தே எழுதிவிட வேண்டும். நமக்காக ஒரு சொல் சொன்னவருக்கு, பொதுப் பதிவில் பெயரைக் குறிப்பதற்கு முன், தனியாகத் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை தந்துவிட்டு மறந்துபோயிருக்கும் மற்றவர்களுக்கும், எங்கே சேர்ந்திருக்கிறோம் என்று இரண்டு வரி எழுதலாம். அந்தத் தங்கை கோவையில் சேர்ந்த வாரத்தில் இப்படிப் பதினேழு பேருக்கு எழுதினார். போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானபோது, நான் முதலில் அழைத்துக் கேட்ட மூன்று பேரில் அவரும் ஒருவர்.